வால்தெமாரின் வாய்க்கு ஒரு வலை

கொண்டைக்கடலையை ஒரு பிடி அள்ளி, எதிரே நிற்பவர் முகத்தில் ஓங்கி வீசுகிறார் சுல்மிரா. முகத்தை மறைத்துத் தொங்கும் கம்பிவலையில் பட்டு, கடலை கடை முழுக்கச் சிதறுகிறது.

"கண்ணை மூடினியா?"

"மூடிட்டேன்க்கா."

"நீ கண்ணை மூடுனா மெஷின் உன் காலைத் தேடிப் போகும். மறுபடி நில்லு."

கண்ணை மூடாமல் நிற்கும்வரை கல்லைத் தெறிக்கவிடும் அந்தப் புல்வெட்டும் எந்திரம் யார் கைக்கும் வராது.

எங்கள் மலையூரில் தேவாலயத்துக்குத் திரும்பும் வளைவில் இருக்கிறது அந்த விவசாயக் கருவிக் கடை. முதலாளி என்னவோ சுல்மிராவின் தம்பி அமீல்கர்தான்; அதிகாரம் அக்காவுடையது. எதிரே என் மருந்துக்கடை. ஏப்ரல் வந்தால் ஊரே எந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டைச் சுற்றி மண்டிய புல்லை வெட்ட இறங்கிவிடும். விட்டுவைத்தால் ஆகஸ்டில் காட்டுத்தீ அந்தப் புல் வழியாகவே வாசலுக்கு வந்துவிடும். அந்த ஏப்ரல் காயங்களுக்கு என் கடையில் பஞ்சும் கட்டுத்துணியும் அமோகமாக விற்ற காலம் உண்டு. சுல்மிரா வந்தபிறகு அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

வயது அறுபத்தொன்று. குட்டை உருவம், காதில் தங்கத் தோடு, காலில் ஆண்கள் போடும் பூட்ஸ். "சாதா பேன்ட் போதாதா?" என்று யாராவது கேட்டால், பாவாடையை முழங்கால்வரை உயர்த்தி, முன்னங்கால் எலும்பில் கோலிக்குண்டு அளவுக்கு இருக்கும் பள்ளத்தைக் காட்டுவார். "செருப்போட புல்லு வெட்டுன மகாராணி நான்தான். தொட்டுப் பாரு." பாதிரியாரிடமும் காட்டியிருக்கிறார். அவர் தொடாமலேயே கால்கவசம் வாங்கிக்கொண்டு போனார்.

காதுமூடிக்குச் சோதனை வேறு. மாட்டிவிட்டுப் புன்னகை மாறாமல் மெல்லிய குரலில் வைவார்: "உங்கப்பன் மாதிரியே நீயும் ஒரு கழுதை." கேட்பவர் முறைத்தால் காதுமூடி சரியில்லை, அநேகமாகப் பாதுகாப்புக் கண்ணாடியின் தடித்த காம்பு இடுக்கில் சத்தத்தை உள்ளே விட்டிருக்கும். மெல்லிய காம்புள்ள கண்ணாடியாக மாற்றிக் கொடுப்பார். பதிலுக்கு அவரும் புன்னகைத்தால் காதுமூடி கச்சிதம்.

போன ஏப்ரலில் வால்தெமார் வந்தார். ஊர் பேண்டுக் குழுவில் முப்பது வருஷமாக டிரம்பெட் வாசிப்பவர். அரைக்கால் சட்டை, கறுப்புக் கண்ணாடி.

"மெஷினை மட்டும் குடுக்கா. கண்ணுக்கு இது இருக்கு."

"அது கடற்கரைக்குப் போடுறது. கல்லு பட்டா உடைஞ்சு அதுவே கண்ணுக்குள்ள போகும்."

"சரி, கெட்டிக் கண்ணாடியா ஒண்ணு குடு. இந்த மீன்வலை வேண்டாம், வேர்க்கும்."

"காத்து போற வலையில என்னடா வேர்வை? தூசிக்குக் கண்ணாடி, கல்லுக்கு வலை. ரெண்டும் வேணும்."

"நான் கண்ணை மூடிக்கிட்டே அத்தனை பாட்டும் வாசிப்பேன், தெரியுமா?"

"எதால வாசிப்ப?"

"வாயால."

"அந்த வாய்க்கு என்ன போட்டிருக்க?"

வால்தெமாருக்குக் கோபம் வந்துவிட்டது. விருட்டென்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். "பக்கத்து ஊர்ல வாங்கிக்குவான். உனக்கு ஏன்க்கா இந்த வீம்பு?" என்று அமீல்கர் கத்தியது என் கடைவரை கேட்டது. மத்தியானம் அக்காவும் தம்பியும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். சுல்மிரா வெகுநேரம் வாசலில் நின்று வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு வால்தெமார் திரும்பினார். முழுக்கால் சட்டை, இரும்பு முனை வைத்த பூட்ஸ்.

"அங்க அவன் ஒரு வார்த்தை கேக்கலக்கா. மெஷினை எடுத்து நீட்டுறான். எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு."

சுல்மிரா கடலை டப்பாவைத் திறந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் கம்பிவலையைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு கடைக்குள் ஓடிவந்தார் வால்தெமார். நானும் சாலையைக் கடந்து ஓடினேன். வலையின் நடுவே, சரியாக உதட்டுக்கு நேராக, ஒரு வாதுமைக்கொட்டை அளவுக்கு உள்வாங்கிய பள்ளம்.

"கல்லு அடிச்சுடுச்சுக்கா! இங்க! இதோ இங்க!" சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர். முழுசாக இருக்கும் மேலுதட்டை எங்கள் எல்லோருக்கும் இழுத்து இழுத்துக் காட்டினார்.

"பக்கத்துல யாராச்சும் நின்னாங்களா?"

"யாரும் இல்லக்கா. பொண்டாட்டியக்கூட பதினஞ்சு மீட்டர் தள்ளி நிக்கவச்சேன். சந்தோஷமா நின்னா."

"கையுறை?"

"போட்டிருந்தேன், சத்தியமா."

சுல்மிரா முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அமீல்கர் நசுங்கிய வலையைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் புது வலை ஒன்றைக் கொண்டுவந்து வால்தெமாரிடம் நீட்டினார். "அடிபட்டதை மறுபடி போடக்கூடாது," என்றார், அக்காவின் குரலிலேயே.

மே முதல் ஞாயிறு திருவிழா. பேண்டு ஊர்வலம் வளைவில் திரும்பி கடை வாசலுக்கு வந்ததும் வால்தெமாரின் தனி வாசிப்பு. மற்ற வாத்தியங்கள் அடங்கின. டிரம்பெட் மேலே மேலே ஏறியது. உச்சத்தில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தி, முகம் சிவக்க, கண்ணை மூடி நின்றார் மனிதர். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வாயைப் பார்த்தது. சுல்மிராவின் பார்வை மட்டும் கீழே இருந்தது. நடைபாதையிலிருந்து இறங்கி, கொடி பிடித்தவர்களை விலக்கிக்கொண்டு நடுத்தெருவுக்குப் போனார். வால்தெமாரின் காலடியில் மண்டியிட்டு, அவிழ்ந்து கிடந்த ஷூ கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.