மூன்று மட்டும் வேண்டாம்

கொட்டச்சேடு பக்கத்துக் காபி எஸ்டேட் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் ரைட்டராக இருந்த ஜேசுதாஸ், ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஏழு மணிக்குத் தன் வீட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் நோட்டு, கக்கத்தில் குடை. "இன்னிக்கு என்னென்ன வேலைங்க நடக்குது?" என்று கேட்டார். இட்லி ஊற்றிக்கொண்டிருந்த மனைவி தேவகுமாரியும், தேங்காய் துருவிக்கொண்டிருந்த அவளுடைய அக்கா அற்புதமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் புரிய அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் போய், பனியில் நிற்கும் ஆட்களின் பெயரை வாசித்து, யார் கிளை கழிக்கும் கவாத்துக்கு, யார் பழம் பறிக்க என்று பிரித்து அனுப்புவதே அவர் பிழைப்பு. இருட்டிய பிறகு வந்து சாப்பிட்டுப் படுப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயில், அப்புறம் தூக்கம். மிஷன் பள்ளியில் தையல் டீச்சராக இருந்த அற்புதம் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். வேலை முடிந்ததும் தங்கையோடு வந்து சேர்ந்து பதினொரு வருஷம் ஆகிறது. வீட்டில் எந்த இடம் யாருடையது, எந்த நேரம் எந்த சீரியல், காபிக்கு எத்தனை சொட்டுப் பால் என்பதெல்லாம் அந்தப் பதினொரு வருஷத்தில் முடிவாகிவிட்டது. அவர்களைப் பொறுத்தவரை ஜேசுதாஸ் வந்து போகிற மரியாதையான விருந்தாளி. விருந்தாளி திடீரென்று முழுநாளும் தங்குகிறேன் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

விருந்தாளி சும்மாவும் இருக்கவில்லை. மசாலா டப்பாக்களை உயரப்படி நிறுத்தினார். நாலு கோழியில் மூன்றுதான் முட்டையிட்டது ஏன் என்று விசாரணை வைத்தார். அதற்கான பலனும் கிடைத்தது. டி.வி. முன்னால் உட்கார்ந்தால், "தம்பி, அது என்ர சேருங்க" என்பாள் அற்புதம். குளிர் தாங்காமல் அடுப்போரம் ஒதுங்கினால், "ஏனுங்க, கொஞ்சம் அக்கட்ட போங்க" என்பாள் தேவகுமாரி. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் கையைக் காட்டுவார்கள். அந்தக் கை காட்டும் பக்கம் எப்போதும் வாசல்தான்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஸ்டெஃபிக்கு மூன்று பேரிடமிருந்தும் தனித்தனியாகப் புகார் போயிற்று. அவள் கெட்டிக்காரி. நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை, தாங்கும் மேசையோடு அனுப்பிவைத்தாள். "இனிமே நீங்க மீனுக்கு ரைட்டரா இருங்கப்பா. அம்மாவையும் பெரியம்மாவையும் உட்டுருங்க" என்றாள் போனில்.

மீன் வாங்க ஜேசுதாஸ் மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கினார். கடைக்கார மேக்ஸ்வெல் பொறுமைசாலி. "இது பல சாதி மீனும் ஒண்ணா இருக்கற தொட்டிங்க. சண்டையில்லாம இருக்கோணும்" என்று சொல்லி, பத்து மோலியும் ஆறு பிளாட்டியும் பிடித்துக் கொடுத்தான். ஆனால் ஜேசுதாசின் கண் ஏஞ்சல் மீன்மேல் விழுந்துவிட்டது. தட்டையான உடம்பு, நீளத் தொங்கும் துடுப்பு, யாரையும் லட்சியம் செய்யாத நடை. எஸ்டேட்டுக்கு வந்துபோன துரைமார்கூட அப்படி நடந்து அவர் பார்த்ததில்லை.

"ஒண்ணு வாங்குங்க. இல்லீன்னா ஆறா வாங்குங்க. மூணு மட்டும் வேண்டாமுங்க" என்றான் மேக்ஸ்வெல்.

"மூணு குடுப்பா" என்றார் ஜேசுதாஸ்.

காரணம் இருந்தது. கவாத்து வேலையில் ஒரு வரிசைக்கு இரண்டு பேரை விட்டால் கதை பேசிக்கொண்டே நிற்பார்கள். நடுவில் மூன்றாவது ஆளைப் போட்டால் பேச்சு முறியும், வேலை ஓடும். முப்பத்தாறு வருஷமாகப் பொய்க்காத ஏற்பாடு இது. மீனுக்கு மட்டும் பொய்த்துவிடுமா என்ன? மேக்ஸ்வெல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முப்பத்தாறு வருஷம் அதிகாரம் செய்தவரிடம் என்ன சொல்ல என்று மூன்றைப் பிடித்துக் கவரில் போட்டான்.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலை ஏழு மணிக்குத் தொட்டி முன்னால் நின்று ஆஜர் எடுப்பார். பத்து மோலி, ஆறு பிளாட்டி, மூன்று ஏஞ்சல். இரண்டாவது மாதம் மூன்றாவது ஏஞ்சலைக் காணவில்லை. தேடினால், தண்ணீர் இழுக்கும் குழாய்க்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தது. வால் கிழிந்திருந்தது. மற்ற இரண்டும் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் இருக்கும் பாதியைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே திரிந்தன. மூன்றாவது தலையை நீட்டினால் போதும், இரண்டும் ஒரே நேரத்தில் பாயும்.

அன்று வெளியே மழையும் பனியும். அடுப்போரம் போனவரை வழக்கம்போல இருவரும் கிளப்பினார்கள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டியின் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாயோரம் அது. இந்தப் பக்கம் சுவரோரம் இவர். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். ஜேசுதாசுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டில் அழுகைதான் அதிகம்.

அந்த வாரம்தான், அவரிடம் மேஸ்திரியாக இருந்த குழந்தைவேல் போன் செய்தான். இப்போது அவன் மாரமங்கலம் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இருந்தான். "இங்க ரைட்டர் வேலை காலிங்கய்யா. தங்க ரூமும் குடுக்கறாங்க. சனிக்கிழமைக்குள்ள சொல்லிப்போடுங்க" என்றான். ஜேசுதாஸ் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் நிம்மதியாக இருக்கும். தொட்டிக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான் என்று முடிவு செய்துவிட்டார். பெட்டிக்குள் இரண்டு சட்டையும் போர்வையும் வைத்தாயிற்று.

இதற்கிடையில் அந்த ஜோடி கண்ணாடியில் வரிசையாக முட்டையிட்டது. வீடே அமர்க்களப்பட்டது. அற்புதம் தொட்டிக்கு முன்னால் நின்று ஜெபம் செய்தாள். தேவகுமாரி மிக்சி போடுவதை நிறுத்தி அம்மியில் அரைத்தாள். மூன்றாம் நாள் முட்டையெல்லாம் வெள்ளையாக வெளுத்துப் போயிற்று. இருவரும் துக்க வீட்டில் பேசுவதுபோலக் கிசுகிசுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை மூன்றாவது ஏஞ்சலை ஒரு தூக்குப்போசித் தண்ணீரில் விட்டு எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார் ஜேசுதாஸ். மீனைக் கடையில் விட்டுவிட்டு, அங்கிருந்தே குழந்தைவேலுக்குப் பதில் சொல்லிவிடுவதாக உத்தேசம். செருப்பு மாட்டும்போது, "நானும் வர்றனுங்க" என்று தேவகுமாரியும் கிளம்பிவிட்டாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் தண்ணீர் தளும்பி அவர் வேட்டியை நனைத்தது.

முட்டைக் கதையைக் கேட்ட மேக்ஸ்வெல் சிரித்தான். "அப்ப அந்த ரெண்டுமே பொட்டைங்க. அதுகளும் சேர்ந்துக்கிட்டு முட்டை வெக்கும். குஞ்சு வராது." தூக்குப்போசிக்குள் எட்டிப் பார்த்தான். "நெத்தி மேடா இருக்குது பாருங்க. அனேகமா இதுதானுங்க ஆம்பளை."

ஜேசுதாஸ் தரையைப் பார்த்தார். தேவகுமாரி புருஷனைப் பார்த்தாள்.

"இதை இங்கயே உட்டுட்டுப் போனா அந்த ரெண்டும் சும்மா இருக்குமுங்க. இல்லீன்னா இன்னும் மூணு கொண்டுபோங்க. அப்பவும் தொரத்தத்தான் தொரத்தும். ஆனா ஒருத்தனையே தொரத்தாது" என்றான் மேக்ஸ்வெல்.

"உட்டுட்டே போறம்ப்பா" என்றார் ஜேசுதாஸ்.

"மூணு குடுங்க" என்றாள் தேவகுமாரி.

"எடம் பத்தாது குமாரி."

"நாலடி இருக்குதுங்க. பத்தும்."

திரும்பும்போது பஸ்ஸில் தூக்குப்போசி அவர் மடியில், புது மீன் கவர் அவள் மடியில். நாலாவது வளைவில் அவள் ஆரம்பித்தாள். "நேத்து நீங்க போனை ஊட்ல வெச்சுட்டுப் போயிட்டீங்க. குழந்தைவேல் கூப்பிட்டாரு. எங்கூட்டுக்காரரு வரமாட்டாருன்னு சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"நீங்க என்னைக் கேட்டீங்களா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "முப்பத்தாறு வருஷம் ஊட்ல இல்லாத ஆளு இப்பத்தான் வந்திருக்குது. எங்க வெக்கறதுன்னு தெரியாம தொரத்திட்டு இருந்தோம். வலிக்குதுன்னா வாயைத் தொறந்து சொல்றது. ஊரு ஆளுக்கெல்லாம் பேரு வாசிச்ச வாய்தானுங்க அது?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜேசுதாஸ் தூக்குப்போசியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் துடைக்க வேண்டியிருந்தது, கைதான் காலியில்லை.

வந்ததும் நாலையும் தொட்டியில் விட்டார்கள். ஜோடி பாய்ந்தது. ஒன்றைத் துரத்திப் போனால் இன்னொன்று ஹீட்டர் பக்கம் நுழைந்தது. அதைத் துரத்தினால் மற்றொன்று. கால் மணி நேரத்தில் ஜோடிக்கு அலுத்துவிட்டது. விட்டதுமே போய் ஒளிந்துகொண்ட மூன்றாவது ஏஞ்சல் குழாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, கிழிந்த வாலோடு நடுத்தண்ணீரில் நின்றது. அற்புதம், "ஸ்தோத்திரம்" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜேசுதாஸ் ஆஜர் எடுத்தார். பத்து, ஆறு, ஆறு. நோட்டை மூடிவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு நேராக அடுப்போரம் போய் உட்கார்ந்தார்.

"தம்பி, அக்கட்ட போங்க" என்றாள் அற்புதம்.

அவர் ஓரடி நகர்ந்தார். முக்காலியைத் திரும்பவும் போட்டார். "நொம்பக் குளிருதுங்க அக்கா. நான் இங்கதான் உக்காருவேன்."

அற்புதம் தங்கையைப் பார்த்தாள். தேவகுமாரி இட்லித் தட்டைப் பார்த்தாள். அற்புதம் காலடியிலிருந்த சின்ன வெங்காயக் கூடையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"அப்பச் சும்மா உக்காராதீங்க. இதை உரிங்க."