தங்கம் அழைத்த சாட்சி

மாசி ஒன்று, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, செய்தித்தாளைப் படித்து மடித்து வைத்துவிட்டு, தேனியில் ஒரு கல்லூரிக்கு விவாதப் போட்டி நடுவராகப் போனேன். குடும்பத்தைத் தாங்குவது ஆணா, பெண்ணா என்பது தலைப்பு. பிள்ளைகள் கைபேசியைப் பார்த்துப் புள்ளிவிவரங்களை அடுக்கினார்கள். ஒரு பெண் மட்டும் எதையும் பார்க்காமல், "எங்கம்மா தேங்காய் உரிச்சுத்தான் என்னையப் படிக்க வைக்கிறாக" என்றாள்.

உடனிருந்த நடுவர் ஒரு பேராசிரியர். "இது ஒரு வீட்டுக் கதை சார். ஆதாரம் ஆகாது" என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். பேச வாயெடுத்தேன். மேசையில் வைத்திருந்த பன்னீர் திராட்சையின் வாசனை என்னை வேறெங்கோ கொண்டுபோய்விட்டது.

முன்பெல்லாம் தேனிப் பக்கம் காமயகவுண்டன்பட்டியில் திராட்சை வெட்டு முடிந்ததும் ஊர்க்காரர்களே பட்டிமன்றம் நடத்துவார்கள். தலைப்பும் அநேகமாக இதேதான். பத்திரிகைத் துணுக்குகளை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துப் போவேன். நான் சதவீதம் சொல்ல ஆரம்பித்தால் பாதிக் கூட்டம் சுண்டல் வாங்க எழுந்துவிடும். பெண்தான் என்று என் அணியில் பேசிய தங்கம், தையல்கார அம்மா, வெறுங்கையோடு வருவார். சொன்னதற்குச் சாட்சி வேண்டுமென்றால் கூட்டத்திலிருந்தே ஆளை எழுப்புவார். அது அங்கே வழக்கம். ஆளே எழுந்து நின்று ஆமாம் என்றபின் மறுப்பு ஏது?

ஒரு வருடம் வெட்டுக்கு முன்பே மழை பெய்து பழமெல்லாம் வெடித்துப்போயிருந்தது. தங்கம் சொன்னார்: "தோட்டம் கைவிட்டப்போ எங்க வீட்டுல தையல் மிசின்தான் சோறு போட்டுச்சு. எங்க வீட்டுக்காரக இங்கனதான் இருக்காக, கேட்டுக்கங்க."

கணவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்கய்யா. தோட்டந்தான் எப்பவும்."

"ஆத்தா, சாட்சி கவுந்துருச்சே" என்றார் ஒருவர் பின்னாலிருந்து. கூட்டம் சிரித்தது. தங்கமும் சிரித்தபடியே உட்கார்ந்தார்.

பஸ் ஏறும்போது நான் ஏதோ ஆறுதல் சொல்ல முயன்றேன். "விடுங்கண்ணே. ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது. எங்க வீட்டுக்காரகளுக்கு உண்மை தெரியும்ல?" என்றார் தங்கம்.

அதன்பின் அவர் எந்த மேடையும் ஏறவில்லை. இன்று அந்தத் தோட்டத்தில் வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. பட்டிமன்றத்துக்குத் தொலைக்காட்சியில் வருகிறவர்களை அழைக்கிறார்கள். கூட்டத்திலிருந்து யாரையும் எழுப்புவதில்லை. தங்கம் போன வருடம் காலமாகிவிட்டார்.

போட்டிக்கு மறுநாள் காலை காபிகூடக் குடிக்காமல் பேராசிரியருக்குப் போன் செய்து, தேங்காய் உரிக்கும் அம்மாவைப் பற்றிச் சொன்ன பெண்ணின் பெயரைக் கேட்டேன்.

"மதிப்பெண் தாள்ல பேரு எழுதலையே சார்," என்றார். "நம்பர் எட்டு."