இன்ஜின் பெட்டி மேல் ஒரு தூக்குவாளி

வண்டியில் ஏறியதும் ஐயாதுரை சாவியைத் தொடமாட்டார். டிரைவர் இருக்கைக்குப் பக்கத்திலுள்ள இன்ஜின் பெட்டியின் மேல் முதலில் தூக்குவாளியை வைப்பார். அதையொட்டித் தண்ணீர்க் கேன், மடித்த போர்வை. ஓர் ஆள் உட்கார இடம் மிஞ்சாது. அப்புறம்தான் வண்டியைக் கிளப்புவார்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடுகிற தனியார் பஸ். இருபத்தாறு வருஷமாக அந்தச் சூடான பெட்டியில் உட்கார்ந்து வந்தவர்கள் ஊர்க்கதை முழுவதையும் அவரிடம்தான் கொட்டினார்கள். அவரும் சளைத்தவரில்லை. எதிரே வரும் பஞ்சு லாரிக்கு ஒதுங்கிக்கொண்டே யார் வீட்டுப் பெண்ணுக்காவது மாப்பிள்ளை சொல்லுவார்.

போன ஐப்பசியில் ஒருநாள் பால்ய சிநேகிதர் இருதயம் அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்து வந்தார். மில்லில் டைம்கீப்பர். தன் மகள் கல்யாணப் பேச்சை எடுத்து, "எம்புட்டுப் பேருக்குலே சமைக்கணும்?" என்றார். ஐயாதுரை மனசுக்குள் பந்தி போட ஆரம்பித்தார். வன்னியம்பட்டிக்குப் பிரிகிற விலக்கில் விறகுக்கட்டோடு ஒருத்தி குறுக்கே வந்தாள். கண் பார்த்துவிட்டது, கால் பிரேக்குக்குப் போக மறந்துவிட்டது. கடைசியில் ஒரு முழ தூரத்தில் வண்டி நின்றது.

"நல்ல பிரேக்குலே!" என்று இருதயம் மெச்சினார். அறுபதை எட்டப்போகிற ஐயாதுரைக்குத் தெரியாதா, கால் ஏன் பிந்தியது என்று.

மறுநாளிலிருந்து தூக்குவாளி. பாட்டுக் கேசட்டும் நின்றது. "கெழவனுக்குத் தலைக்கனம்" என்று பயணிகள் முணுமுணுத்தார்கள். அந்தப் பெயர் அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது. நிஜம் முதலாளி காதுக்குப் போனால் சாவி கையில் இருக்காது. ஆனால் இருதயம் கோபித்துக்கொண்டு வேறு பஸ்ஸில் போனதுதான் தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, கல்யாணப் பத்திரிகையோடு இருதயம் ஏறினார். ஓடுகிற வண்டியில் நின்றபடியே கேட்டார்: "ஏலே, ஒக்காருன்னு சொல்லக்கூட வாய் வரலையா? ஒனக்கு நான் என்னலே பண்ணுனேன்?"

ஐயாதுரை வண்டியை ஓரங்கட்டினார். ஹேண்ட்பிரேக்கைப் போட்டார்.

"என்னண்ணே, பிரேக்டவுனா?" என்று பின்னாலிருந்து கத்தினார் கண்டக்டர் சந்தனம்.

ஐயாதுரை முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். "வாய் ஓடுனா காலு நின்னுருதுலே. அன்னைக்கி அந்தப் பொம்பளையக் கொன்னுருப்பேன். முந்தி ரெண்டும் தானா ஓடும், இப்ப ஒண்ணுதான் ஓடுது. தை பொறந்ததும் மொதலாளிட்ட சாவியக் குடுத்துருதேன்."

பஸ் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

இருதயம் தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெட்டியில் உட்கார்ந்தார். தோள் துண்டின் நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு, 'போ' என்று கையாலேயே சாலையைக் காட்டினார்.