செவன் கிங்ஸ் அம்மனும் கிரீடத்துக் குட்டியரும்

லண்டன் செவன் கிங்ஸிலை, எங்கட ரோட்டிலை சிவகௌரி அக்காவைத் தெரியாதவை இல்லை. பள்ளிக்கூடக் கிச்சினிலை வேலை, வாயிலை ஓயாத தேவாரம், பழைய சாமான் விக்கிற கார் பூட் சேல் எண்டால் காய்ச்சலோடையும் ஓடுவா. அப்பிடி ஒருநாள் கார் பார்க்கிங்கிலை, பழைய கோப்பையளுக்கு நடுவிலை ஒரு அம்மன் இருந்து சிரிச்சாவாம். தாமரையிலை சப்பாணி கட்டின இருப்பு, தலையிலை கிரீடம், உடம்பெல்லாம் தங்க முலாம்.

“என்னையும் கூட்டிக்கொண்டு போ எண்டு கேட்டவ,” எண்டு அக்கா இண்டைக்கும் சத்தியம் பண்ணுவா.

முதல் வெள்ளிக்கிழமையே, குத்துவிளக்கு மினுக்கிற புளியாலை அம்மனின்ரை முழங்காலைத் தேய்ச்சிட்டா. முலாம் கழண்டு வெண்கலம் தெரிஞ்சுது. பயந்துபோய்ப் பட்டு கட்டி மறைச்சா. கிரீடத்திலை ஒரு குட்டி உருவம். அது முருகன்தான் எண்டு அவவே முடிவெடுத்து அதுக்கும் ஒரு பொட்டு. பேந்து ஏழு வருசம் பாலும் பொங்கல் புக்கையும்தான்.

போன நவராத்திரிக்கு முன்வீட்டுச் சீன மனுசி மிஸிஸ் வொங்கைக் கூப்பிட்டா. நானும் நிண்டனான், கடலை தாற வீட்டை நான் விடுறேல்லை. மனுசி அம்மனைக் கண்டதும் கடலைக் கிண்ணத்தோட முழங்காலிலை நிண்டிட்டா. பூவை விலத்தி, குட்டி உருவத்தின்ரை பொட்டைத் துடைச்சுக் காட்டினா.

“இவ எங்கட குவான்யின். கருணைத் தாய். சீனாவிலை எந்தக் காலத்திலையோ வார்த்தது. கிரீடத்திலை இருக்கிறது புத்தர்.”

அக்காவின்ரை மனுசன் சண்முகராசா அண்ணையின்ரை முகத்தைப் பாக்கோணும்!

“ஊரிலை ஆமிக்காரரோட வந்து அரசமரத்தடியெல்லாம் பிடிச்சு முடிச்சு, இப்ப என்ரை சாமியறைக்கையும் வந்திட்டாரோ? கௌரி, பெட்டியிலை கட்டு. சரிட்டி ஷொப்பிலை குடுக்கிறன்.”

அக்கா அழப்போறா எண்டு நினைச்சன். அவ சேலைத் தலைப்பை இடுப்பிலை செருகினா.

“இஞ்சருங்கோ, நீங்கள் இந்த நாட்டுக்கு ஆற்றை பாஸ்போட்டிலை, ஆற்றை பேரிலை வந்தனீங்கள்?”

“அதேன் இப்ப?”

“ஆற்றையோ பேரிலை வந்த உங்களுக்கே விசா தந்து வைச்சிருக்கிறாங்கள். இவ ஏழு வருசமா என்ரை புக்கையைச் சாப்பிட்டு, உங்களைப்போல உப்பில்லை புளியில்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அனுப்பிறதெண்டால் உங்களையும் அவவையும் சேத்துத்தான் அனுப்புவன்.”

நான் கடலையை வாயிலை வைச்சபடி சிரிக்கப் புரைக்கேறிச்சுது.

விஜயதசமியண்டு மிஸிஸ் வொங் தோடம்பழத்தோட வந்தா. பட்டு விலகினதைக் கண்டிட்டு, “முழங்காலுக்கு என்ன நடந்தது?” எண்டா.

“லண்டன் குளிர்,” எண்டா அக்கா. “எனக்கும் அதே வருத்தம்தான்.”

தீபம் காட்டப்போகேக்கை அண்ணை தொண்டையைச் செருமினார்.

“கொஞ்சம் பொறும். அந்தக் குட்டியருக்கு இன்னும் பொட்டு வைக்கேல்லை.”

சந்தனக் கிண்ணத்தை அவரே தூக்கினார்.