தோகை பேக்கில் ஒரு முடிச்சு

வெயிலில் சூடேறிய ரெக்சீன் வாசம் மூக்கில் பட்டால் இன்றைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு விலகிவிடுவேன். திருகோணமலையில், மூதூர்ப் பயணிகளை ஏற்றிவரும் லோஞ்ச் படகு வந்து கட்டும் ஜெட்டிக்குப் பின்னாலுள்ள சிறுதெருவான எங்கள் ஒழுங்கையில், அந்த வாசத்துக்கு "தோகை பேக்" என்று பெயர். நாட்டின் விமானக் கொம்பனி ஒரு காலத்தில் பயணிகளுக்குக் கொடுத்த வெள்ளைத் தோள்பை அது. பக்கவாட்டில் சிவப்பு மயில்தோகை முத்திரையும் அதன் கீழே கொம்பனியின் பெயரும் அச்சடித்திருக்கும்.

லோஞ்சில் கயிறு எறியும் வேலை பார்த்த வாப்பா, தான் சிறுவனாக இருந்தபோது விசிறி சுழலும் சின்ன விமானங்கள் சீனன்குடா விமானத் தளத்தில் வந்திறங்கியதைக் கதைகதையாகச் சொல்வார். அந்தப் பழைய கொம்பனி மூடப்பட்டு, புதுப் பெயரோடு வந்ததுதான் தோகைக் கொம்பனி. வாலடியில் மூன்றாவது எஞ்சின் வைத்த அதன் பெரிய விமானங்கள் வளைகுடாவுக்குப் பறந்த காலத்தில், எங்கள் ஒழுங்கைப் பெண்களும் வீட்டுவேலைக்குப் பறக்கத் தொடங்கினார்கள். அந்தத் தோகை நாட்டின் பெருமை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எங்களுக்கு அது தாய்மாரைக் கொண்டுபோகிற படம், அவ்வளவுதான்.

முதலில் போய், கை கால் சுகமாகத் திரும்பி வந்தவர் பக்கத்து வீட்டு றகுமத் மாமி. அவர் கொண்டுவந்த பையை அடுத்துப் போனவள் ராசிக்காக இரவல் வாங்க, அவளும் சுகமாக வர, பிறகு அது ஒழுங்கைக்கே பொதுவான பையாகிவிட்டது. விமான நிலையத்தில் சாமான்கள் சுற்றிவரும்போது அடையாளம் தெரிவதற்காகப் போகிறவள் தன் பழைய சாறியிலிருந்து ஒரு கீலம் கிழித்துப் பையின் வாரில் முடிந்துகொள்வாள். திரும்பி வந்ததும் வாசற்படியில் நின்று தன் கையாலேயே அதை அவிழ்த்த பிறகுதான் பை அடுத்தவளிடம் போகும். ஒருத்தி முடிந்ததை இன்னொருத்தி அவிழ்க்கக் கூடாது.

உம்மாவின் முறை வந்தபோது கொம்பனி மறுபடியும் பெயரை மாற்றி, விமானங்களுக்கு வேறு சாயம் பூசி, தோகையையும் வேறு மாதிரி வரைந்திருந்தது. பழைய பெயர் போட்ட பையோடு போனால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் சொன்னார். சாயம் மாறினால் ராசியுமா மாறும் என்று உம்மா அவரையே கேலி செய்தார். பிறகு தன் நீலச் சாறியில் ஒரு கீலம் கிழித்து, பல்லால் கடித்து இறுக்கி முடிந்தார்.

"இத நான் வந்துதான் அவுப்பன். நீங்க ஆரும் கை வெச்சிராதீங்க."

ஆரம்பத்தில் சந்திக் கடைக்கு உம்மாவின் தொலைபேசி வரும். பிறகு அது நின்றது. ஏஜென்சிக்குப் போன வாப்பாவிடம், வீட்டுக்காரர்கள் ஊர் மாறியிருப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வாப்பாவும் அதை நம்பினார், அல்லது நம்புவதுபோல எங்கள் முன்னால் நடந்துகொண்டார்.

ஒருநாள் பின்னேரம் வாப்பா தோளில் தோகை பேக்கைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, வாரைத்தான் பார்த்தேன். நீலக் கீலம் அவிழாமல் இருந்தது. வாசலில் நின்று அவிழ்க்கத்தான் உம்மா பின்னால் வருகிறார் என்று நினைத்துத் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். வாப்பாவைத் தாண்டியும் ஓடினேன். பின்னால் வந்தது ஒரு மூதூர்ப் பெண், எங்களைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டவள்.

உம்மா வேலை செய்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவளாம். மார்படைப்பு என்று சொல்லி உம்மாவை அந்த ஊரிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மையித்தின் முகத்தை அவளுக்கும் காட்டவில்லை. பையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, பெயர் மாறிய அதே கொம்பனியின் விமானத்தில் வந்து, லோஞ்சில் ஏறி எங்கள் வீட்டை விசாரித்திருக்கிறாள். விசாரித்தது வாப்பாவிடம்.

அதற்குப் பிறகு ஒழுங்கையில் ஒருத்தியும் அந்தப் பையைக் கேட்கவில்லை. பயணம் போகிற பெண்கள் எங்கள் வாசலைத் தவிர்த்து ஜெட்டிப் பக்கமாகச் சுற்றிப் போனார்கள். பையைப் பழித்தது பொறுக்கக்கூடியதாக இருந்தது. எங்களைக் கண்டு ஒதுங்கியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒருநாள் வாப்பா மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, தோகையையும் கொம்பனிப் பெயரையும் வெள்ளை தெரியுமட்டும் தேய்த்தார்.

"இந்தப் படத்தப் பாத்துப் பாத்து ஏமாந்தது போதும்."

தேய்த்து முடித்து வாரில் கையை வைத்தவர், கீலத்தைத் தொட்டதும் எழுந்து போய்விட்டார்.

இப்போது வாப்பாவும் இல்லை. அந்த மூன்று எஞ்சின் விமானங்களும் எப்போதோ போய்விட்டன. கொம்பனியின் பழைய விமான வால்களை வரிசையாகப் படம் பிடித்துப் போட்டு, எவ்வளவு அழகான காலம் என்று மக்கள் ஏங்கும் முகநூல் பக்கமொன்றைத் தங்கச்சியின் மகள் தொலைபேசியில் காட்டினாள். பழைய பைகள் வைத்திருப்பவர்கள் படம் போடுங்கள் என்று அதில் கேட்டிருந்தார்கள். அலுமாரியிலிருந்து எங்கள் பையை எடுத்துத் துடைத்தேன். பெயருமில்லை, தோகையுமில்லை, இதைப் போட்டால் எந்தக் கொம்பனியுடையது என்று யாருக்குத் தெரியும்? வாரில் இருந்த கீலத்தைக் காட்டி, ஊத்தையாகக் கிடக்கிறதே, அவிழ்த்துவிட்டுப் படம் எடுப்போமா என்று பிள்ளை கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் மகள். அதக் கட்டினவ இன்னும் வரல்ல."