‘ஆகட்டுங்க’ என்று சொன்ன நடுவர்

கோயம்புத்தூரில் மாநில அளவில் ஒரு விளையாட்டுப் போட்டி நடந்தது. நிறைவு விழாவில் இசைக் குழுக்களுக்கும் ஒரு போட்டி வைத்து, என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். சிங்காநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடமாகப் பாட்டு டீச்சர் நான். பிள்ளைகள் எவ்வளவு அபஸ்வரமாகப் பாடினாலும், “நல்லாத்தான் இருக்குது கண்ணு, இன்னொருக்கா பாடு” என்று சொல்லியே பழகிய வாய். நான் நடுவர் என்றதும் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“நீ எல்லாத்துக்கும் முதல் பரிசு குடுத்துப்போட்டு வந்துருவே” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

இன்னொரு நடுவர் சென்னையிலிருந்து வந்திருந்த இசைப் பேராசிரியர். நல்ல மனிதர். என்ன, மேசைமேல் பேனாவைக்கூட நேர்க்கோட்டில் வைக்கிற ரகம். கையில் ஸ்டாப் வாட்ச் வேறு.

காலையில் ஒத்திகையின்போது தொண்டாமுத்தூர்ப் பெண்கள் குழுவைப் பார்த்தேன். பதினொரு பேர். தோட்டங்களில் தக்காளி பறிக்கிறவர்கள், தேங்காய் பொறுக்குகிறவர்கள். இருட்டினால் மலையிலிருந்து யானை இறங்கிவிடும் என்பதால், வேலை முடிந்து வெளிச்சம் மிச்சமிருக்கும் அரைமணி நேரத்திலேயே மேளம் அடித்துப் பழகியவர்களாம். அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்தார்.

“ஏனுங்க டீச்சர், செயிச்சா டெல்லிக்கு ரயில்லதான கூட்டிட்டுப் போவாங்கொ? பதனொரு பேரும் ஒரே பெட்டியில ஏற முடியுமுங்களா?”

முதல் பரிசு வாங்கும் குழு டெல்லியில் நடக்கும் அகில இந்திய விழாவில் வாசிக்கப் போகும். இவர்களில் ஒருவர்கூட ஈரோட்டைத் தாண்டியதில்லை. நடுவர் எதையும் சொல்லக் கூடாதே என்று, “பாக்கலாமுங்க” என்று நழுவிவிட்டேன்.

சாயங்காலம் விழா தொடங்கியது. சரவணம்பட்டிக் கல்லூரி மாணவர்கள் கிதாரும் கீபோர்டுமாக வந்து வாசித்தார்கள். சுருதி சுத்தம், தாளம் சுத்தம். கொடுத்த ஐந்து நிமிடம் முடியப் பத்து நொடி இருக்கும்போதே கச்சிதமாக முடித்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாவட்டம் மாவட்டமாக விளையாட வந்து, மைதானத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தோற்றவர்கள். ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பாட்டு அவர்களுக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து தொண்டாமுத்தூர்க்காரர்கள். மேளத்தைத் தட்டிக்கொண்டே ஒவ்வொரு மாவட்டமாகப் பெயர் சொல்லி விடைகொடுக்க ஆரம்பித்தார்கள். “போயிட்டு வாங்க, மதுரைக் கண்ணுகளா, போயிட்டு வாங்க!” பெயர் வந்த மாவட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. செல்போன்கள் எல்லாம் பைக்குள் போயின. கடைசி மாவட்டமும் முடிந்து மூத்தவர் கும்பிட்டார். அப்போதுதான் பார்த்தோம், ஒரு மூலையில் ஆறு பிள்ளைகள் உட்கார்ந்தே இருந்தார்கள். சின்ன மாவட்டம். ஒரு பதக்கமும் இல்லை. எப்படியோ அவர்கள் ஊர்ப் பெயர் விட்டுப்போயிருந்தது. மூத்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வைத்த குச்சியை மறுபடி எடுத்தார். அந்த ஆறு பேருக்காக மட்டும் பதினொரு மேளமும் ஒரு முழுச் சுற்று அடித்தன. ஆறு பேரும் எழுந்து ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் ஸ்டாப் வாட்ச் ஆறரை நிமிடத்தில் நின்றது.

“நேரம் தாண்டிட்டாங்க மேடம். இவங்களை விட்டுடலாம். காலேஜ் பசங்களுக்கே முதல் பரிசு கொடுத்துடலாமா?” என்றார் பேராசிரியர்.

“ஆகட்டுங்க, பாக்கலாமுங்க” என்றேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ‘முடியாது’ என்று பொருள். பெண் கேட்டுப் போன வீட்டில் இப்படிச் சொன்னால், காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்க வேண்டியதுதான். என் வீட்டுக்காரரே எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இரண்டு வீட்டில் ‘ஆகட்டுங்க’ வாங்கியவர். பேராசிரியருக்கு இது எப்படித் தெரியும்? கல்லூரியின் பெயரை எழுதிக்கொண்டு மேடையை நோக்கி நடந்துவிட்டார்.

“ஏனுங்க, எங்க போறீங்க?” என்று பின்னாலேயே ஓடினேன்.

“நீங்கதானே மேடம் ஆகட்டும்னீங்க?”

அறிவிப்பாளர் தாளுக்காகக் கை நீட்டிவிட்டார். இந்த வயதுவரை யார் முகத்துக்கு நேராகவும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

“இல்லைங்க” என்றேன். “எனக்குச் சம்மதம் இல்லைங்க.”

“அதை அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“அப்பவே சொன்னேனுங்க. எங்க ஊர்ப் பேச்சுல சொல்லிப்போட்டேன்.”

ஒரு கணம் விழித்தவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். இருவரும் விதித்தாளைத் திருப்பிப் பார்த்தோம். நேரம் கூடினால் ஐந்து மதிப்பெண் குறைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. போட்டியை விட்டே விலக்கச் சொல்லவில்லை. அவரே ஐந்தைக் கழித்தார், அவரே கூட்டினார். அப்படியும் தொண்டாமுத்தூர் இரண்டு மதிப்பெண் முன்னால் நின்றது. ‘நிகழ்வுக்குப் பொருத்தம்’ என்ற இடத்தில் அவரும் அவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார். கல்லூரியின் பெயரை அடித்துவிட்டுத் தொண்டாமுத்தூர் என்று எழுதினார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அறிவித்ததும் அந்தப் பதினொரு பேரும் போட்ட சத்தத்தில் மைக் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூத்தவர் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர், எங்களுக்கு ரயிலும் தெரியாது, டெல்லியும் தெரியாது. நீங்களும் கூட வந்தா தெம்பா இருக்குமுங்க.”

“ஆகட்டுங்க, பாக்கலாமுங்க” என்றேன், பழக்க தோஷத்தில்.

அவர் முகம் வாடிவிட்டது. “சரிங்க, பரவால்லீங்க” என்று கையை விட்டுவிட்டுத் திரும்பினார். அவருக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியதில்லையே.

நான்கு எட்டு வைத்து அவர் தோளைத் தொட்டேன்.

“வாரேனுங்க அக்கா” என்றேன். “நானும் வாரேன்.”