காட்டுக்குள் பேர் சொல்லாதவர்கள்

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில், வெயிலுக்கும் சாம்பாரில் உப்புக்கும் வராத மிருகத்துக்கும் பொறுப்பு ஒரே ஆள்தான்: கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறவர். விடுமுறை வேலைக்குப் போய் முதலாளியிடமும் வாடிக்கையாளரிடமும் ஒருசேர மாட்டிக்கொண்ட என் இனத்தாரே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டே, நீண்ட விடுமுறைகளில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு சின்னப் பயண நிறுவனத்தில் வேலை பார்த்தேன். முதலாளி ஆரோக்கியம் அண்ணன். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற அவர், மற்ற நாட்களில் எல்லாரையும் பழனிக்கும் மதுரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

காடா, பனியனா?

கோயில், சேலைக்கடை, மறுபடியும் கோயில். இதுதான் அவருடைய இந்தியா. "ஊட்டி வரைக்கும் போகிறோம், கீழே முதுமலைக் காடு இருக்கிறது, நம் சனங்கள் ஒரு காட்டைக் காடாகவே பார்க்கக்கூடாதா?" என்று மூன்று வாரம் அவருடன் வாதாடினேன். என் வாயை அடைக்க ஒத்துக்கொண்டார். ஆனால் நிபந்தனை போட்டார்: யாரும் எதையும் பார்க்காமல் திரும்பினால் காட்டை எடுத்துவிட்டு, அந்த நாளைத் திருப்பூர் பனியன் கடைகளுக்குக் கொடுத்துவிடுவார்.

முதலில் பேர் கொடுக்க வந்தவர் பாக்கியம் அக்கா. சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர். எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போவில் தொழிற்சாலை வேலை. பயணத் திட்டத்தை நான் வாசிக்க வாசிக்கத் தலையாட்டினார். காடு வந்ததும் ஆட்டம் நின்றது.

"காட்டப் பாக்க பிளேன் ஏறணுமா? எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால அது சும்மாவேதான கெடந்துச்சு லா!"

பட்டுச்சேலை

காட்டுக்குப் போகும் நாளில் பழுப்போ பச்சையோ உடுத்துங்கள், பூ வைக்காதீர்கள், சென்ட் அடிக்காதீர்கள் என்று விடுதியில் ஒரு பிரசங்கமே செய்தேன். எல்லாரும் பணிவாகக் கேட்டார்கள். காலையில் வாசலுக்கு வந்தால், அரக்குச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து நிறம் எனப் பட்டுகள் வரிசையாக நிற்கின்றன. பாக்கியம் அக்கா தலையில் ஒரு முழம் மல்லிகை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்று ஒரு மிருகம் வராவிட்டால் காடே போய்விடும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அதுக்குத்தாம்மா சொல்றேன், மொத தடவ ஒருத்தர் எடத்துக்குப் போறோம், அழுக்குச் சட்டையோடயா போறது?"

இலை உதிர்ந்த மாதம்

மார்ச் மாதம். விடுதிக்கு வெளியே காட்டோரம் வேனுக்குக் காத்திருந்தோம். தேக்கு மரங்களில் ஓர் இலை இல்லை. மூங்கில்கூட வைக்கோல் நிறத்தில் நின்றது. வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் எங்கள் பேராக் மாநிலக் காட்டை மட்டுமே தெரிந்தவர்கள் செத்த வீட்டுக்கு வந்ததுபோல் நின்றார்கள். "மரமெல்லாம் இருக்கு, இலைதான் கொசோங், ஒண்ணுமே இல்ல," என்று உதட்டைப் பிதுக்கினார் முனியாண்டி அண்ணன். அவர் குனோங் ராபாட்டில் லாரி ஓட்டுபவர்; முன்பு பாக்கியம் அக்காவோடு அதே எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்.

ரப்பர் மரமும் வருடத்துக்கு ஒருமுறை இப்படித்தானே உதிர்க்கிறது, தண்ணீரைச் சேமிக்க மரம் கண்ட வழி இது என்று நான் ஆரம்பித்தேன். சட்டென்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. காலால் சருகைத் தள்ளிப் பார்த்தார்கள், மரப்பட்டையைத் தடவினார்கள். அப்போது முனியாண்டி அண்ணன் கேட்டார்.

"எல உதுந்தா பால் கொறையும், எங்க சம்பளமும் கொறையும், இங்க யாரு வயிறு காயுது தங்கச்சி?"

குசுகுசுச் சண்டை

விடிந்ததும் கிளம்ப வேண்டிய வேன் வெயில் ஏறிய பிறகுதான் வந்தது. நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மான்கூட இல்லை. "இன்னிக்கு லக் இல்ல மேடம்," என்றார் அவர். லக்கா? தாமதமாக வந்துவிட்டு லக்கா? காட்டில் சத்தம் போடக்கூடாது என்பதால் இருவரும் குசுகுசுவென்றே சண்டை போட்டோம். சண்டை முற்றி, அவர் வேனை நிறுத்திவிட்டு என் பக்கம் முழுதாகத் திரும்பிக்கொண்டார். பின்னால் ஒரு சத்தமில்லை; என் பக்கம் நியாயம் இருப்பதால்தான் இந்த மௌனம் என்று நினைத்தேன். பாக்கியம் அக்கா தோளைத் தொட்டார். 'சண்டை வேண்டாம்' என்கிறார் போலும் என்று கையைத் தட்டிவிட்டேன்.

காட்டை விட்டு வேன் வெளியே வந்து பாலத்தைத் தாண்டியதுதான் தாமதம், பின்னால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நாங்கள் நின்ற இடத்துக்குப் பின்புறக் குட்டையில் ஒரு புலி, அவசரமே இல்லாமல், வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. ஓட்டுநர் தலையில் கை வைத்தார். "ஏன் சொல்லல?" என்று நான் கத்தினேன். வந்தவர்கள் எல்லாரும் எஸ்டேட் சனங்கள்; இருட்டோடு பால்மரம் வெட்டப் போகிறவர்கள் அதன் பேரைச் சொல்ல மாட்டார்களாம், விரல் நீட்ட மாட்டார்களாம். 'ஐயா' என்று நினைத்துக்கொண்டு நின்றுவிடுவார்களாம். மூடநம்பிக்கை என்று பிடிபிடியென்று பிடித்தேன். ஆனால் நான் பார்த்திருந்தால் கத்தியிருப்பேன், அதுவும் தாகத்தோடு ஓடியிருக்கும் என்பதும் எனக்கு அப்போதே தெரிந்தது. பாக்கியம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எஸ்டேட்டும் போச்சு, ஐயாவும் போயிட்டாருன்னு நெனச்சேன், இத்தன வருசம் கழிச்சுப் பாத்தவர நானே பேர் சொல்லி வெரட்டுவனா?"

தீர்ப்பு

ஈப்போ திரும்பியதும் ஆரோக்கியம் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "நீ பாத்தியா?" பொய் சொல்ல வராத வியாதி எனக்கு. இல்லை, மற்ற எல்லாரும் பார்த்தார்கள் என்றேன். புலியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து பார்க்காத விலங்கியல் மாணவியை அவர் நம்பத் தயாராக இல்லை. "சனங்களுக்குப் பொய் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தியா?" என்றார். நான் சண்டைக்குத் தயாராகும்போது, விமானத்தில் மாறிப்போன பையைத் தேடி பாக்கியம் அக்கா படியேறி வந்தார். அது காடில்லை, ஈப்போக் கடைத்தெரு. ஆகவே புலி என்ற சொல்லை முழுசாகச் சொல்லி, அது நாக்கை நீட்டிய விதம்வரை விவரித்தார். ஆரோக்கியம் அண்ணன் வாயைப் பிளந்தார். அடுத்த மாதம் தன் தங்கச்சி குடும்பமும் அந்தக் காட்டுக்குத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, அக்கா என்னைப் பார்த்தார்.

"காட்ட எடுத்துராதீங்க அண்ணே, இந்தப் பிள்ளைய மட்டும் பின் சீட்டுல உக்கார வைங்க!"

நான் வேலையை விடும்வரை காடு பயணத் திட்டத்தில் இருந்தது, புலியை நான் இன்னும் பார்க்கவில்லை, வேனில் என் இடம் பின் சீட்டுக்குப் போனதை மட்டும் பதவி உயர்வு என்று வைத்துக்கொண்டு அதற்கும் யாரிடமாவது வாதாடிக்கொண்டிருக்கிறேன்.